வெட்டுறது யாரு?

“வாயை மட்டும் அசைச்சிராதீங்க அண்ணாச்சி, மீசையில உள்ள மை உதட்டுல எறங்கிரும்”னு சொல்லிட்டு சலூன்கார செண்பகராஜ் டீ குடிக்கக் கெளம்பிட்டான். கெளம்புனவன் வாசல்ல நின்னு திரும்பிப் பாத்து வெரலை வேற ஆட்டிட்டுப் போறான், முட்டாங்கால் போட வச்சிட்டுப் போற வாத்தியாரு மாதிரி. ஆறுமுகநயினாருகிட்டயா இதைச் சொல்லணும்? சங்கரன்கோவில் பூராவும் கேட்டுப் பாருங்க, அரிசிக்கடை நயினாருன்னா வாய்தான். லோடுமேன் மாதிரிப் பேசி லோடுமேனையே வைவாரு. பேங்கு மேனேஜர் மாதிரிப் பேசி பொஞ்சாதி பிரமுகிட்ட காப்பி கேப்பாரு. எழவு வீட்டுல போயி செத்தவரு இருமுன மாதிரியே இருமிக் காட்டி, அழுதுக்கிட்டிருந்த பொம்பளைகளைச் சிரிக்க வச்சு, சிரிச்சிட்டமேன்னு பொறவு இன்னுங் கொஞ்சம் அழவும் வச்ச ஆளு. அந்த வாய்க்கு மேல இப்போ கருப்பா ஒரு பூட்டு. மீசைக்கு வேண்டாம்டேன்னுதான் சொன்னாரு. “தலை கருப்பும் மீசை வெள்ளையுமா இருந்தா ரெண்டு பேரை ஒட்ட வச்ச மாதிரி இருக்கும் அண்ணாச்சி, பொண்ணுக்குப் பேசி முடிக்கப் போற நேரத்துல”ன்னுட்டான் பாவி. கழுத்துல துணியைச் சுத்தி, கையையும் உள்ள விட்டுக் கட்டிப் போட்டுட்டான். துணிக்குள்ள கை இருக்கு, கையில போன் இருக்கு. முன்னால ஒரு கண்ணாடி, பின்னால ஒரு கண்ணாடி. அதுக்குள்ள இதும் இதுக்குள்ள அதும் விழுந்து வரிசையா நயினாரு, ரயில் பெட்டி மாதிரி போய்க்கிட்டே இருக்காரு. அத்தனை நயினாரும் தலையில மை பூசிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இவரையே பாக்காங்க. என்ன வே பாக்கிய, நீராவது பேசும்வே, ம்ஹூம், ஒருத்தனும் பேச மாட்டேங்கான். வாயை மூடுனா மண்டைக்குள்ள இவ்வளவு சத்தம் கேக்கும்னு நயினாருக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

விளக்கு வைக்கதுக்குள்ள பதில் சொல்லணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அம்பாசமுத்திரத்துல காத்துக் கெடக்காங்க, சரின்னா சரின்னு சொல்லிருங்க, இல்லன்னா இன்னைக்கே சொல்லிருங்கன்னு. பையன் பேரு ஆவுடையப்பன். ஆளு நல்லாத்தான் இருந்தான். பொண்ணு பாக்க வந்தப்போ கேசரியை விட்டுட்டு மிச்சரை மட்டும் தின்னான், அதுவும் கடலையை ஒதுக்கி வச்சுக் கடைசியா தின்னான், அந்த ஒண்ணுலயே நயினாருக்குப் பாதி பிடிச்சுப் போச்சு. வேலை பெங்களூருல. என்ன வேலைன்னு கேட்டதுக்குத்தான் அவங்க அப்பா பைய இருமுனாரு. போன்ல சீட்டு வெளையாடுத கம்பெனியாம். சீட்டு மஹால்னு பேரு. ரம்மி, போக்கரு, எல்லாம் உண்டாம். அதுல காசைக் கட்டி வெளையாடுதவங்க சந்தேகம் கேட்டுப் போன் பண்ணுனா பதில் சொல்லுத எடத்துல இவன் இருக்கான். “எங்க தமிழ் மேசையில நாங்க நாலஞ்சு பேருதான் மாமா. ஆபீஸ்ல எனக்குப் பேரு வேற. ஆகாஷ்”னு அவனே சொல்லிச் சிரிச்சான். ஆவுடையப்பன் ஆகாஷாம்! இங்க கொழம்புச் சட்டி, அங்க பூந்தொட்டி. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல நயினாரு, “வணக்கம், நான் ஆகாஷ் பேசுறேன், ரசம் வேணும்னா எண் ஒண்ணை அழுத்தவும்”னு அவன் மாதிரியே பேசிக் காமிச்சாரு. பிரமு சிரிச்சா. மக கோமதி, அவ ஸ்கூல் டீச்சரு, சிரிக்கல. சோத்தை பெசைஞ்சுக்கிட்டே சொன்னா: “யப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அவரு சோறு திங்குத எடந்தான் புரியல. எங்க ஸ்கூல்ல தேன்மொழி டீச்சர் வீட்டுக்காரரு அதுலதான் பிள்ளை கொலுசைக்கூட விட்டுட்டு நிக்காரு. அது நேர்மையான ஆட்டம், அந்த மனுசன் தலையெழுத்து தோத்தாருன்னா ஒண்ணு. ஏமாத்து ஆட்டம், அதை நல்லதுன்னு சொல்லத்தான் இவருக்குச் சம்பளம்னா வேற. நீங்கதான சீட்டு ஆளு? வெளையாடிப் பாத்துச் சொல்லுங்க. அதை நம்பலாமான்னு நீங்க சொல்லுததுதான் எனக்கு.” இவ்வளவு பெரிய பொறுப்பை ஒரு மக அப்பன் தலையில வச்சா, அப்பன் அதுக்கு மேல மையையும் பூசிக்கிட்டு உக்காந்திருக்கான்.

சீட்டு ஆளுதான். அதுல பொய் இல்ல. சைக்கிள் கடை மாடியில மனமகிழ் மன்றம்னு போர்டு போட்டுருக்கும், சாயங்காலம் கடையைப் பூட்டுனா கால் தானா அந்தப் படியில ஏறும். அங்க ஒரு வழமை உண்டு. ஒருத்தன் சீட்டைக் கலைச்சுப் போடுவான், அவனுக்கு வலது கைப் பக்கம் இருக்கவன் வெட்டணும். கட்டுல பாதியை எடுத்துக் கீழ வச்சா வெட்டு. கலைச்சவன் ஏதும் தில்லுமுல்லு பண்ணி அடுக்கியிருந்தா அந்த வெட்டுல செதறிப் போவும். ஆனா கலைக்கவன் மேல நம்பிக்கை இருந்தா வெட்ட மாட்டாங்க. வெரலை மடக்கி மொளியால கட்டு மேல ஒரு தட்டு. டொக். அவ்வளவுதான். நம்புதேன், போடுன்னு அர்த்தம். கோமதி சின்னப் பிள்ளையா இருக்கும்போது மன்றத்துக்குக் கூட்டிட்டுப் போனா மடியில உக்காந்துக்கிட்டு “நான் தட்டுதேன், நான் தட்டுதேன்”னு ஒரே சண்டை. அந்தப் பிஞ்சு வெரலால அது தட்டுனா சத்தமே வராது, அதனால வாயால “டொக்”குன்னு சொல்லும். கட்டுக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியுமா? தட்டுத எவனுக்குந்தான் என்ன தெரியும்? தெரிஞ்சா எதுக்குத் தட்டணும்? சரி, போன்ல வெட்டுறது யாரு? இதுதான் நயினாருக்கு நேத்துலருந்து தொண்டையில முள்ளு மாதிரி நிக்கி. கலைக்கதும் அவனே, போடுததும் அவனே, வெட்டுறது யாரு? மன்றத்துக் கோட்டைச்சாமி கேட்ட கேள்வி இது. சவம், அந்த ஆளு நெனப்பு வரப்படாதுன்னுதான் இவ்வளவு நேரம் அங்கிட்டும் இங்கிட்டும் சுத்துனாரு, கடைசில வண்டி அங்கதான் வந்து நிக்கி.

வேண்டாம், ஆட்டத்தைப் பாப்போம். துணிக்குள்ளருந்து போனை மட்டும் முட்டு மேல எடுத்து வச்சுக்கிட்டாரு. காசு கெடையாது, பழகுத மேசை, சும்மா காசு அவனே குடுக்கான். ரம்மிதான் இவருக்கு அத்துப்படி, ஆனா போக்கருதான் பெரிய எடத்து ஆட்டம்னு கேள்விப்பட்டு அதுக்குள்ள போயிட்டாரு. கைக்கு ரெண்டே ரெண்டு சீட்டு. நடுவுல ஒண்ணொண்ணா அஞ்சு சீட்டுத் தொறப்பான், அது எல்லாருக்கும் பொது. கையில சரக்கு இல்லாதவன் இருக்க மாதிரி மூஞ்சியை வச்சுக்கிடணும், இருக்கவன் இல்லாத மாதிரி வச்சுக்கிடணும். அடப்பாவிகளா, இது நம்ம ஆட்டமால்லா இருக்கு! வெள்ளைக்காரன் இதைக் கண்டுபிடிக்கும்போது நயினாரு எங்க இருந்தாரு? ஆனா மூஞ்சி எங்க? மேசையைச் சுத்திப் பாத்தா, சிங்கக்குட்டி, மதுரை மல்லி, ராணி 9ன்னு பேரைப் போட்டு உருண்டை உருண்டையா பொம்மைப் படந்தான் இருக்கு. மன்றத்துல ஆள்களை இவரு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிருவாரு. தபாலாபீஸ் தங்கதுரைக்கு ஜோக்கர் வந்தா தொண்டையைச் செருமுவாரு. பாத்திரக்கடை பாலையா கை மோசம்னா செருப்பைக் காலால துளாவுவாரு. இங்க என்ன கேக்கி? ஒரு பச்சை வளையம் ஓடிக் கரையுது, அவ்வளவுதான். மல்லி பணத்தை ஏத்துது. ஏத்துறதுக்கு முன்னால கொஞ்சம் யோசிச்சுது. அந்த யோசனையைத்தான் நயினாரு உத்துப் பாக்காரு. மனுசன் யோசிக்கும்போது ஒருவாட்டி நீளமா யோசிப்பான், ஒருவாட்டி வெடுக்குன்னு போடுவான், ஒருவாட்டி வீட்டுல குக்கர் கத்துதுன்னு எந்திரிச்சுப் போவான். மல்லி எப்பப் பாத்தாலும் ஒரே அளவு யோசிக்கி. நல்ல கைக்கும் அதே, நாறக் கைக்கும் அதே. இவரு மிமிக்கிரி பண்ணும்போது பண்ணுவாருல்லா, ரோசனை பண்ணுத மாதிரி மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு, அதே மாதிரி. ஏட்டி மல்லி, நீ மனுசிதானா? கேக்கணும்னா பேச வழி இல்ல. பொம்மைதான் எறியலாம். ஒரு தக்காளியை எடுத்து எறிஞ்சாரு. மல்லி ஒரு ரோசாப்பூவை எறிஞ்சுது. கடைத்தெருவுல எந்த மனுசியாவது தக்காளியால அடிச்சவனுக்கு ரோசாப்பூ குடுப்பாளா? பிரமு மேல எறிஞ்சிருந்தா அருவாமணை வந்திருக்கும். ஆனா ஒருவேளை நல்ல மனசுக்காரியா இருந்தா? ஊமையா இருந்தா? அவளும் எங்கயாவது தலைக்கு மையைப் பூசிக்கிட்டு அசையாம உக்காந்திருந்தா? நயினாரு கண்ணாடியைப் பாத்தாரு. வரிசையா அத்தனை நயினாரும் போனைப் பாத்துக்கிட்டிருக்காங்க. மேசையில உள்ள அஞ்சு பேரும் ஒரே ஆளுதான், ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல உக்காந்திருக்கான்னு சொன்னா, இல்லைன்னு எப்படிச் சொல்லுவீரு?

ஆனா ஜெயிச்சிக்கிட்டே இருக்காரு, அதுதான் வேடிக்கை. ரெண்டு ராஜா வந்துச்சு. பொறவு வரிசையா வந்துச்சு. காசு மழை மாதிரி பொம்மைக்காசு கொட்டுது, ஜல்ஜல்லுன்னு சத்தம் வேற. மீசைக்கடியில சிரிப்பு வந்துச்சு, அமுக்கிக்கிட்டாரு. நெஞ்சுக்குள்ள ஒரு வேகம், சின்னப் பிள்ளையில பம்பரம் சுத்தும்போது வருமே அது. இன்னும் ஒரு ஆட்டம். கையில என்ன வருதுன்னு மட்டும் பாத்துட்டு வச்சிருவோம். பாத்தா நல்லாருக்கு, எப்படி வைக்க? அப்போதான் மண்டையில பொறி தட்டுச்சு. சாம்பிள். நம்ம கடையில நாம செய்யாததா? வாசல்ல தாம்பாளத்துல பரப்பி வச்சிருக்க அரிசியைக் கையில அள்ளிப் பாப்பாங்க, முத்து முத்தா இருக்கும், குருணை ஒண்ணு இருக்காது, அதை பிரமு காலையில உக்காந்து ஒண்ணொண்ணா பொறுக்கிப் போட்டிருப்பா. மூட்டைக்குள்ள அப்படியா இருக்கும்? சும்மா மேசையில இவ்வளவு நல்ல சீட்டு வருதுன்னா இது தாம்பாளம். மூட்டை வேற எங்கயோ இருக்கு. ஆனா உடனே இன்னொரு நயினாரு உள்ளருந்து கேக்கான்: அப்போ நீ திருடனாவே? உன் மூட்டையில கல்லாவே விக்கே? அரிசிதான விக்கே? சாம்பிள் நல்லதா வச்சதனால மூட்டை பொய்யாயிருமா? சான்றிதழ் வேற போட்டிருக்கான், கீழ பொடி எழுத்துல, சீட்டைக் கம்ப்யூட்டரு கலைக்கி, அதை இன்னொரு கம்பெனி சோதிச்சிருக்குன்னு. அந்த இன்னொரு கம்பெனியைச் சோதிச்சது யாரு? கவருமெண்டு ஒருவாட்டி தடைங்கி, கோர்ட்டு ஒருவாட்டி நில்லுங்கி, போட்டுக்கிட்டும் எடுத்துக்கிட்டும் இருந்தா அரிசிக்கடைக்காரன் என்னத்தைக் கண்டான்? கோட்டைச்சாமியும் இதைத்தான் கேட்டாரு. மன்றத்துலயே நேர்மையான கை கோட்டைச்சாமி கை. அவரு கலைச்சா எவனும் வெட்ட மாட்டான், எல்லாரும் டொக்குதான். வெத்தலையை அதக்கிக்கிட்டு, சாறு வழியாம இருக்க மோவாயைத் தூக்கிக்கிட்டு, மேலுதடு அசையாமலே பேசுவாரு. அவரு மக போன் வாங்கிக் குடுத்ததுலருந்து மன்றத்துப் பக்கம் வாரது கொறைஞ்சுது. ஒருநா வந்தாரு. “நயினாரு, அதுலயும் நல்ல கைதாம்வே வருது. ஆனா வெட்டுறது யாருன்னுதான் தெரிய மாட்டேங்கி”ன்னாரு. இவரு உடனே அதையே அவரு மாதிரி மோவாயைத் தூக்கிச் சொல்லிக் காமிச்சாரு, எல்லாரும் சிரிச்சாங்க, கோட்டைச்சாமியும் சிரிச்சாரு. சிரிச்ச வாயில சாறு வழிஞ்சு சட்டையில விழுந்துச்சு. பொறவு வீட்டை வித்தாரு. இப்போ திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காருன்னு சொல்லுதாங்க. ஊரே வெட்டாம நம்புன கை, கடைசியில வெட்டே இல்லாத எடத்துல போயிப் பணத்தை வச்சிருக்கு. அவரு கேள்வி கேட்டு முடிச்சப்போ எவனாவது ஒருத்தன் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்லா, கம்பெனிக்காரன்கிட்ட?

கேக்கலாமே. இப்போ கேட்டா என்ன? மருமகன் ஆகப் போறவன் அங்கதான இருக்கான். சனிக்கிழமையான இன்னைக்கும் அவனுக்கு வேலைன்னு சொன்னான். நயினாரா கேட்டா மாமாவுக்குச் சொல்லுத பதிலைச் சொல்லுவான், மாமனாரா கேட்டா எவன்தான் உள்ளதைச் சொல்லுவான்? வேற ஆளா கேக்கணும். தோத்துப்போன ஆளா கேக்கணும். நெனச்சவுடனே நாக்கு ஊற ஆரம்பிச்சுட்டு. மீசை மை ஞாபகம் வந்துச்சு. வாயை அசைக்காம எவன் பேசுவான்? ஒருத்தன்தான் பேசுவான். மோவாய் தானா மேல தூக்கிக்கிட்டு. போன்லயே உதவின்னு ஒரு பொத்தான் இருக்கு, அதை அமுக்குனாரு. பாட்டு ஓடுச்சு. “சீட்டு மஹாலுக்கு வணக்கம், நான் ஸ்வேதா”ன்னு ஒரு பிள்ளை குரல். பதறிப் போயி, “தப்பா வந்துட்டு தாயி, நான் கேஸ் சிலிண்டருக்குப் போட்டேன்”னு வச்சிட்டாரு. வேண்டாம்னு நெனச்சாரு. நெனச்சுக்கிட்டே திரும்பவும் அமுக்குனாரு. பாட்டு. “வணக்கம் சார், நான் ஆகாஷ் பேசுறேன், உங்களுக்கு எப்படி உதவட்டும்?” அதே குரல்தான், ஆனா இஸ்திரி போட்ட குரல். அம்பாசமுத்திரத்தை மடக்கிப் பெட்டிக்குள்ள வச்சுட்டுப் பேசுதான். இவனும் நம்ம சாதிதான், வாயி சாதி! நயினாரு கோட்டைச்சாமியா ஆரம்பிச்சாரு. “எப்பா, நான் ஒரு வயசாளி. ஒரு சந்தேகம். இந்தச் சீட்டு இருக்குல்லா, அதைக் கலைக்கது யாரு?” “சார், எங்க சீட்டுக் கலைப்பு முழுக்க கம்ப்யூட்டர் மூலமா நடக்குது. சான்றிதழ் பெற்றது. மனுசங்க யாரும் தலையிட முடியாது.” “சரி. வெட்டுறது?” “சார்?” “கலைச்சா வெட்டணும்லாப்பா. எங்க மன்றத்துல வலது கைக்காரன் வெட்டுவான். அங்க வலது கைப் பக்கம் யாரு இருக்கா?” அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுத சத்தம் கேட்டுச்சு. பொறவு நின்னு போச்சு. “அப்படி யாரும் இல்ல சார்.” தனக்குச் சிரிப்பு வரும்னுதான் நயினாரு நெனச்சாரு. வரல. குரல் தானா போய்க்கிட்டு இருக்கு, கோட்டைச்சாமி குரலு, இவரு புடிச்சு நிறுத்துனாலும் நிக்க மாட்டேங்கி. “நான் நல்ல கைக்காரம்ப்பா. எங்கிட்ட யாரும் வெட்ட மாட்டாங்க. வீட்டை வித்துட்டேன். இப்போ வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கேன், ஊருக்குப் போவ மூஞ்சி இல்ல. தோத்தது நானா, தோக்கடிச்சாங்களா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.” கண்ணாடியில வரிசையா நயினாருங்க மோவாயைத் தூக்கிக்கிட்டு நிக்காங்க. கண்ணுல தண்ணி எப்படி வந்துச்சுன்னு தெரியல, மை நெடியா இருக்கும். “தம்பி, நீ வெளையாடுவியாப்பா இதுல?” “வேலை பார்க்குறவங்க வெளையாடக் கூடாதுன்னு கம்பெனி விதி சார்.” “விதி இல்லன்னா?” சத்தமே இல்ல. பச்சை வளையம் இருந்தா ஓடிக் கரைஞ்சு முடிஞ்சிருக்கும், அவ்வளவு நேரம். மல்லி யோசிக்கதும் இல்ல, இவரு மோட்டுவளையைப் பாத்து யோசிக்கதும் இல்ல. குக்கர் கத்தி எவனோ எந்திரிச்சுப் போன மாதிரி ஒரு யோசனை. “இந்தக் கால் பதிவாகுது சார்”னான். “இது பதிவாகுதுய்யா”ன்னான் திரும்ப. சாரு போயி ஐயா வந்துட்டு. இஸ்திரி கலைஞ்சுட்டு. “கணக்கை மூடணும்னா நானே மூடித் தாரேன்யா. திரும்பத் தொறக்க முடியாதபடி மூடலாம். இப்பவே மூடிருதேன். மூடிருவோமாய்யா?” “மூடிருப்பா”ன்னாரு கோட்டைச்சாமி. கீபோர்டு தட்டுச்சு. “மூடியாச்சு. வேற ஏதாவது உதவி வேணுமா...” சொல்லிட்டு ஒரு மூச்சு விட்டான். “மாமா?”

லைன் போயிட்டு. நயினாரு போனைப் பாத்தாரு, கண்ணாடியைப் பாத்தாரு, பழையபடி போனைப் பாத்தாரு. மாமாவா? எப்படித் தெரிஞ்சுது? கோட்டைச்சாமி பொஞ்சாதிக்கே தெரியாதே அந்தக் குரலுக்கும் இந்தக் குரலுக்கும் வித்தியாசம்! அப்புறம்தான் மண்டையில ஏறுச்சு. ஆட்டத்துக்குள்ள நொழையும்போது பேரு கேட்டான், ஆறுமுகநயினாருன்னு அடிச்சாரு. நம்பர் கேட்டான், சொந்த நம்பரையே குடுத்தாரு. ஊரு கேட்டதுக்கு ஊரு. அதுக்குள்ள உள்ள பொத்தானை அமுக்கித்தான கூப்பிட்டாரு? அவன் முன்னால பெட்டியில எல்லாம் எழுதியிருக்கும். மூஞ்சிக்கு முகமூடி போட்டுட்டு நெத்தியில பேரை எழுதி ஒட்டிக்கிட்டுப் போன கதை. எவ்வளவு பெரிய வித்தைக்காரரு! வணக்கம் சொன்னதுலருந்தே அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான், வெளியில காட்டிக்கிடாம, இந்தக் கெழவன் வெத்தலை இல்லாம வெத்தலை போடுததை. சரி, அப்போ அந்தப் பேச்சு? பதிவாகுதுய்யான்னு கொரலு எறங்குச்சே அது? மாமாவுக்காகப் பண்ணுன நடிப்பா? நல்லவன்னு பேரெடுக்க? ஒத்தைக் கொரலை ரெண்டு கொரலா வச்சிருக்கவன் மூணாவது ஒண்ணும் வச்சிருக்க மாட்டானா? இருக்கலாம். ஆனா பொண்ணு குடுக்கப் போற மாமான்னு தெரிஞ்சா, கெட்டிக்காரன் என்ன சொல்லுவான்? எங்க கம்பெனி தங்கம், சான்றிதழ் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு நம்புங்கன்னுல்லா சொல்லுவான்? அவன் சோறே அதுலதான இருக்கு. இவன் பதிவாகுத போன்ல, மேனேஜர் கேக்கப் போற போன்ல, வந்த ஆளை வாசல்ல வச்சு, உள்ள போவாதீங்க மாமான்னு கதவைச் சாத்திட்டான். ஆனா அதையும் ஒருத்தன் கெட்டிக்காரத்தனமா... நயினாருக்குத் தலை சுத்துச்சு. இங்கிட்டுத் திரும்புனா நல்லவன், அங்கிட்டுத் திரும்புனா நடிகன், ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஆவுடையப்பனும் வரிசையா போய்க்கிட்டே இருக்கான். கடைசி ஆவுடையப்பன் எப்படி இருக்கான்னு எவன் போயிப் பாக்க?

“கோட்டைச்சாமி அண்ணாச்சி எங்க?”ன்னு கேட்டுக்கிட்டே செண்பகராஜ் ஓடியாந்தான். “டீக்கடை வரைக்கும் அவரு கொரலு கேட்டுச்சே, எப்போ வந்தாரு?” பெஞ்சைப் பாத்தான், கதவுக்குப் பின்னால பாத்தான், பொறவு நயினாரைப் பாத்தான். “ஐயையோ, என்ன அண்ணாச்சி இது!” மேலுதடு பூரா கருப்பு. கீழுதட்டுலயும் ஒரு ஓரம். மோவாயில ஒரு கோடு எறங்கியிருக்கு. “வாயை அசைக்காதீங்கன்னு ஒரே ஒரு வார்த்தைதான சொன்னேன்? ஒரு அரைமணி நேரம் சும்மா இருக்க முடியலையா உங்களால?” “நான் எங்கடே அசைச்சேன், அவருல்லா அசைச்சாரு”ன்னாரு நயினாரு. செண்பகராஜ் தலையைப் புடிச்சுத் தொட்டிக்குள்ள அமுக்கி, கோவத்தோட தண்ணியை ஊத்துனான். குளுந்த தண்ணி. கண்ணை மூடிக்கிட்டாரு. கருப்புத் தண்ணி காதோரமா ஓடுது. மல்லி மனுசியா மிசினான்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சு, கணக்கை மூடிட்டான். அது ஒண்ணுதான் குறை. எலுமிச்சம்பழத்தை அறுத்து உதட்டுல தேய்ச்சான் செண்பகராஜ். எரிஞ்சுது. போகல.

போன் அடிச்சுது. கோமதி. தெருவுல லைட்டு எரிய ஆரம்பிச்சுட்டு. “யப்பா, அம்மா விளக்கு வச்சிட்டா. அவங்க வீட்டுலருந்து ரெண்டுவாட்டி கூப்பிட்டுட்டாங்க. எங்க இருக்கீங்க? வெளையாடிப் பாத்தீங்களா? நம்பலாமா?” நயினாரு வாயைத் தொறந்தாரு. பேங்கு மேனேஜரும் லோடுமேனும் கோட்டைச்சாமியும் உள்ள வரிசையா நிக்காங்க, எவன் வேணும்னாலும் பேசத் தயார். ஒருத்தனையும் வெளியில விடல. போனைக் காதுலருந்து எடுத்து முட்டு மேல வச்சாரு. மொளி வெரலை மடக்கி அது மேல ஒரு தட்டு தட்டுனாரு. டொக். போனைத் திரும்பக் காதுல வச்சாரு. ஸ்கூல்ல பிள்ளைகளை அதட்டுத டீச்சர் போயி, மடியில உக்காந்து சண்டை போட்ட பிள்ளை கொரல்ல கேட்டா: “வெட்டலையாப்பா?” “வெட்டல தாயி.” “எதுக்குத் தட்டுனீங்க? ஆட்டத்துக்கா, ஆளுக்கா?” “ஆட்டம் போச்சு, அதை அந்த ஆளே மூடிட்டான்.” சிரிக்காளா அழுவுதாளான்னு கண்டுபிடிக்க முடியல, இத்தனை கொரலு தெரிஞ்சவருக்கு அது ஒண்ணு மட்டும் எப்பவுமே புடிபடாது. மூக்கை உறிஞ்சிக்கிட்டே கேட்டா: “அப்போ அவரு அந்த வேலையிலயேதான் இருப்பாராப்பா?” நயினாரு கண்ணாடியில தன் கருத்த உதட்டைப் பாத்தாரு. “அதை நீதான் அவன்கிட்ட கேக்கணும் மக்ளே. கல்யாணத்துக்கு முன்னாலயே கேளு. ஆனா அவன் சொந்தப் போன்ல கேளு. ஆபீஸ் போன் பதிவாகுதாம்.”